லினக்ஸ் மடிகணினியைப் புரொஜெக்டருடன் இணைத்தல்: வன்னி மண்டபங்களுக்கான முழுமையான வழிகாட்டி

பயிர்ச்செய்கைக் கூட்டமானாலும், ஆசிரியர் செயலமர்வானாலும், மாதர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டமானாலும், வன்னியின் பொதுநோக்கு மண்டபங்களில் இப்போது பேச எழுபவரிடம் ஒரு மடிகணினியும், மேசையில் நம்மவர்கள் ‘மல்ரிமீடியா’ என்றே அழைத்துப் பழகிய ஒரு புரொஜெக்டரும் இருப்பது வழக்கமாகிவிட்டது. வின்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டதால், வின்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய மடிகணினிகளை வைத்திருப்போரில் சிலர் லினக்ஸ் வகைப் பணிசெயல் முறைமைகளான உபுண்டுவுக்கும் லினக்ஸ் மின்டுக்கும் மாறியிருக்கிறார்கள். அவ்வாறு மாறியவர்கள் முதல் கூட்டத்திலேயே படம் விழாமல் தடுமாறும்போது, பழி உடனே லினக்ஸின் மேல் விழுகிறது. நான் பார்த்த வரையில் அந்தப் பழியில் பாதிக்கு மேல் வயருக்கும், மின்சாரத்துக்கும், யன்னல் வெளிச்சத்துக்கும், எழுத்துருவுக்கும் உரியது. ஆகையால் இந்த வழிகாட்டி, மடிகணினியிலிருந்து திரை வரை படம் செல்லும் பாதையை ஒவ்வொரு கணுவாகப் பின்தொடர்கிறது. மென்பொருள் அமைப்புகளுக்கு அதற்குரிய இடத்தில் வருவோம்.

முதற்படி: எந்தத் துறை, எந்த வயர்

மடிகணினியின் பக்கங்களைத் திருப்பிப் பார்த்து, அதில் எந்த வகைத் துறை, அதாவது வயர் செருகும் வாய், இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலான மண்டபப் புரொஜெக்டர்களில் இரண்டு வாய்கள் இருக்கும். ஒன்று, மூன்று வரிசையில் 15 துளைகளைக் கொண்ட நீல நிற வி.ஜி.ஏ. இது 1987 இல் ஐ.பி.எம் நிறுவனம் கொண்டுவந்த ஒப்புமைச் சமிக்ஞை முறை; படத்தை மட்டுமே கடத்தும், ஒலியைக் கடத்தாது. மற்றது, 19 ஊசிகளைக் கொண்ட எச்.டி.எம்.ஐ. இது இலக்கமுறைச் சமிக்ஞை. படத்தையும் ஒலியையும் ஒரே வயரில் கொண்டுசெல்லும். பழைய மடிகணினிகளில் இரண்டும் இருக்கலாம், புதியவற்றில் எச்.டி.எம்.ஐ மட்டும் இருக்கும். மிக மெல்லிய மடிகணினிகளில் யு.எஸ்.பி-சி துறையைத் தவிர வேறெதுவும் இருக்காது.

எச்.டி.எம்.ஐ மட்டுமுள்ள மடிகணினியை வி.ஜி.ஏ மட்டுமுள்ள புரொஜெக்டரில் இணைக்க வேண்டுமானால், இரண்டு முனைகளையும் பொருத்திவிடும் வெறும் வயர் போதாது. இலக்கமுறைச் சமிக்ஞையை ஒப்புமையாக மாற்றும் சில்லு உள்ளே பொருத்தப்பட்ட மாற்றி தேவை. இந்த மாற்றிகள் ஒருவழிப் பாதைகள் என்பதை வாங்கும்போதே கவனிக்க வேண்டும். ‘எச்.டி.எம்.ஐ இலிருந்து வி.ஜி.ஏ’ என்று விற்கப்படுவது மறுதிசையில் வேலை செய்யாது. மறுதிசைக்கென்று விற்கப்படுவது நமக்கு உதவாது. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்திருப்பார். முனைகளின் ஆண் பெண் அமைப்பைப் பார்த்தே எது எதுவென்று அறிய வேண்டியிருக்கும். சில மாற்றிகள் எச்.டி.எம்.ஐ துறையிலிருந்து கிடைக்கும் சிறிதளவு மின்சாரத்தில் திணறி, படத்தை விட்டுவிட்டுக் காட்டும். பக்கத்தில் ஒரு சிறிய யு.எஸ்.பி மின்வாயும், ஒலிக்கென ஒரு 3.5 மில்லிமீற்றர் துளையும் உள்ள மாற்றியைத் தேர்ந்தெடுப்பது, சில நூறு ரூபாய் கூடினாலும், சரியான செலவு.

யு.எஸ்.பி-சி விடயத்தில் ஏமாறுவது இன்னும் எளிது. துறையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், எல்லா யு.எஸ்.பி-சி துறைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில மின்னேற்றத்துக்கும் கோப்புப் பரிமாற்றத்துக்கும் மட்டுமே ஆனவை. துறையின் அருகே, படம் அனுப்பும் இன்னொரு முறையான டிஸ்பிளேபோட்டின் குறியோ மின்னல் குறியோ பொறிக்கப்பட்டிருந்தால் அது படம் அனுப்பும் துறை என்று கொள்ளலாம். குறி இல்லாவிட்டால் மடிகணினியின் மாதிரி எண்ணைக் கொண்டு அதன் விவரப் பட்டியலைப் பாருங்கள். டிஸ்பிளேபோட் மாற்றுமுறையில் இயங்கும் துறைக்கு லினக்ஸில் தனியான டிரைவர் மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. லினக்ஸின் மையக்கூறான கருனி அதை ஒரு சாதாரண டிஸ்பிளேபோட் ஆகவே காண்கிறது. இதற்கு மாறாக, சாதாரண யு.எஸ்.பி துறையில் செருகிப் படம் பெறும் ‘டிஸ்பிளேலிங்க்’ வகை மாற்றிகளுக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டும். கருனி புதுப்பிக்கப்படும்போது அது நின்றுபோகவும் கூடும். கூட்டம் நடத்துவதற்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை.

வயரின் நீளமும் சிந்திக்க வேண்டிய விடயம். சாதாரண எச்.டி.எம்.ஐ வயர் 10 மீற்றரைத் தாண்டினால் படம் சிமிட்டுவதும் மறைவதும் தொடங்கலாம், வி.ஜி.ஏ வயரோ அதைவிட நீளத்திலும் படம் தரும், ஆனால் எழுத்துகளின் ஓரம் மங்கும். புரொஜெக்டரைக் கூரையில் பொருத்தியிருக்கும் மண்டபங்களில் சுவருக்குள் போன வயர் எது, அது எந்த முனையில் முடிகிறது என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் ஒத்திகை

மல்லாவியிலோ விசுவமடுவிலோ மண்டபத்துக்குள் நின்றுகொண்டு ஒரு மாற்றி இல்லை என்று உணர்ந்தால், அதை வாங்க நகரம் வரை போய்த் திரும்புவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே ஒத்திகை வீட்டிலேயே நடக்க வேண்டும். புரொஜெக்டர் இல்லையென்று இதைக் கைவிட வேண்டியதில்லை; வீட்டுத் தொலைக்காட்சியின் எச்.டி.எம்.ஐ வாயே போதும். மடிகணினியின் பார்வையில் தொலைக்காட்சியும் புரொஜெக்டரும் ஒன்றுதான்.

வயரைச் செருகி, சூப்பர் விசையை, அதாவது பல விசைப்பலகைகளில் வின்டோஸ் சின்னம் பொறித்த விசையை, அழுத்தியவாறே ‘பிரசென்டேஷன்’ என்ற சொல்லின் முதலெழுத்தான விசையைத் தட்டுங்கள். லினக்ஸின் மேசைத்தளச் சூழல்களான குநோமிலும் கே.டி.ஈ பிளாஸ்மாவிலும் இது திரைகளை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்கும் சிறு பட்டியலைத் திறக்கும். இந்தக் குறுக்குவழி இல்லாத சூழல்களில் ‘செட்டிங்ஸ்’ செயலியில் ‘டிஸ்பிளேஸ்’ என்ற பக்கத்தைத் திறந்தால் அதே தெரிவுகள் கிடைக்கும்.

அங்கே அடிப்படையில் மூன்று தெரிவுகள் உண்டு. ‘மிரர்’ என்பது இரண்டு திரையிலும் ஒரே காட்சியைக் காட்டும். ‘ஜொயின்’ என்பது வெளித்திரையை மடிகணினித் திரையின் நீட்சியாக்கும். சுட்டியை ஓரம் தாண்டி நகர்த்தினால் அது அடுத்த திரைக்குப் போய்விடும். மூன்றாவது, ஒரு திரையை மட்டும் பயன்படுத்துவது. புதியவர்கள் ‘மிரர்’ உடன் தொடங்குவதே நல்லது. தாம் பார்ப்பதையே சபையும் பார்க்கிறது என்ற நிம்மதிக்கு ஒரு விலை உண்டு: பேச்சாளருக்கான குறிப்புகள் கைக்குக் கிடைக்காது. அதைப் பின்னர் பார்ப்போம்.

‘மிரர்’ தெரிவில் இன்னொரு சிக்கல் பிரிதிறன், அதாவது திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை. பழைய மடிகணினியின் திரை 1366×768 ஆக இருக்கும். பழைய புரொஜெக்டரின் இயல்பான பிரிதிறன் 1024×768 ஆகவோ 1280×800 ஆகவோ இருக்கும். இரண்டும் ஒரே காட்சியைக் காட்ட வேண்டுமானால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பிரிதிறனுக்கு இறங்கியாக வேண்டும். அது பெரும்பாலும் 1024×768 ஆக முடியும். அப்போது மடிகணினியில் இருபுறமும் கறுப்புப் பட்டை தோன்றுவதோ எழுத்து அகலமாக இழுபடுவதோ கோளாறு அன்று. சபை பார்க்கும் படம் சரியாக இருந்தால் மடிகணினித் திரையின் அழகைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். படவில்லைகளின் (ஸ்லைட்) அளவையும் இதையொட்டியே தீர்மானியுங்கள்: போகும் மண்டபத்தின் புரொஜெக்டர் 4:3 விகிதமானால் படவில்லையையும் 4:3 இல் அமைப்பது, மேலும் கீழும் வெறுமையாகப் போகும் இடத்தை மீட்டுத் தரும்.

இந்த ஒத்திகையின்போதே இன்னும் மூன்றைச் செய்து முடித்துவிடுங்கள். மின்சேமிப்புப் பக்கத்தில் திரை அணைவதையும் தானாக உறங்குவதையும் நிறுத்துங்கள். அறிவிப்புகளை வரவிடாத ‘டூ நொட் டிஸ்டர்ப்’ ஆளியை இயக்குங்கள். குடும்பச் செய்தி ஒன்று சபையின் முன் விழுந்து எழும் சிரிப்பைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மூன்றாவதாக, புதுப்பிப்புகளைக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னரே முடித்து, மறுதொடக்கம் செய்து, வெளித்திரையை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள். கூட்ட நாள் காலையில் எதையும் புதுப்பிக்க வேண்டாம்.

எழுத்துரு: பாமினியின் பொறி

நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இருக்கும் பழைய கோப்புகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறி (யுனிகோட்) முறையைச் சேர்ந்ததன்று. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு அது. அந்த எழுத்துரு நிறுவப்படாத லினக்ஸ் மடிகணினியில் கோப்பைத் திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகச் சிதறி நிற்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பலர் இதைக் கண்டு பதறுவார்கள். பழுது எதுவுமில்லை. எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து ‘இன்ஸ்டோல்’ பொத்தானை அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். நீடித்த தீர்வு, அந்த உரையை ஒருங்குறிக்கு மாற்றி, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற எழுத்துருவில் வைத்துக்கொள்வதே.

மைக்ரோசொப்ட் பவர்பொயின்டில் செய்யப்பட்ட நிகழ்த்துகைகளை, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் மென்பொருளான லிப்ரெஒபிஸ் இம்பிரஸ் திறக்கும். ஆனால் கலிப்ரி எழுத்துரு இல்லாதபோது வரிகள் இடம் மாறும். அதே அகல அளவுகளோடு வடிவமைக்கப்பட்ட ‘கார்லிட்டோ’ எழுத்துருவை நிறுவியிருந்தால் வரிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். கேம்ப்ரியாவுக்கு ‘கலடியா’ அதே வேலையைச் செய்யும். எப்படியிருந்தாலும், இறுதி வடிவத்தை ஒரு பி.டி.எஃப் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து, பென்டிரைவில் ஒரு பிரதியை எடுத்துச் செல்லுங்கள். பி.டி.எஃப் இல் அசைவூட்டங்கள் போய்விடும், ஆனால் எழுத்துரு உள்ளேயே பொதிந்திருப்பதால் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். உங்கள் மடிகணினி கைவிட்டால் பக்கத்தில் இருப்பவரின் மடிகணினியில் கூட்டத்தைத் தொடரலாம்.

மூன்றாம் படி: மண்டபத்தில் வெளிச்சமும் மின்சாரமும்

கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்னரே மண்டபத்துக்குப் போய்ச் சேருங்கள். வன்னியின் பல பொதுநோக்கு மண்டபங்கள் காற்று வருவதற்காக அரைச்சுவரோடும் அகன்ற யன்னல்களோடும் கட்டப்பட்டவை. காற்றுக்கு நல்லது; படத்துக்குப் பகை. கணக்கைப் பாருங்கள்: 3000 லூமென் ஒளி தரும் ஒரு புரொஜெக்டர் 2 மீற்றர் அகலமும் 1.5 மீற்றர் உயரமுமான திரையில் படம் போட்டால், ஒரு சதுர மீற்றருக்கு 1000 லூமென் விழுகிறது. அதே திரையில் பகல் வெளிச்சமும் அதே அளவுக்கு விழுமானால், ‘கறுப்பு’ என்று நாம் அனுப்பும் இடம் 1000 ஆகவும் ‘வெள்ளை’ 2000 ஆகவும் நிற்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வெறும் இருமடங்கு. மடிகணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த மெல்லிய மஞ்சள் கோடு சபைக்குக் காணாமல் போவது இதனால்தான். எந்த மென்பொருள் அமைப்பாலும் இதைத் திருத்த முடியாது.

செய்யக்கூடியவை மூன்று. திரையை, வெளிச்சம் உள்ளே வரும் பக்கத்துச் சுவரிலேயே, அதாவது வெளிச்சம் திரையின் முதுகில் படும்படி மாட்டுங்கள். ஆனால் பின்னால் திறந்த யன்னல் இருக்கக் கூடாது, ஏனெனில் நாம் வழக்கமாகக் கட்டும் வெள்ளைச் சீலை வெளிச்சத்தை ஊடுருவ விடும். அந்த யன்னலை மூட முடியாவிட்டால் சீலைக்குப் பின்னால் ஒரு தடித்த பாயைக் கட்டுங்கள். அடுத்து, புரொஜெக்டரைத் திரைக்கு நெருக்கி, படத்தைச் சிறிதாக்குங்கள்: அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கினால் அதே ஒளி நான்கிலொரு பரப்பில் குவிந்து நான்கு மடங்கு பிரகாசமாகும். சிறிய படத்துக்கு ஏற்பப் பின்வரிசைக்காரரை முன்னே அழைத்துக்கொள்ளலாம். கடைசியாக, படவில்லையின் பின்னணியை வெண்மையாகவும் எழுத்தைக் கறுப்பாகவும் வையுங்கள். இருண்ட பின்னணியில் வெள்ளை எழுத்து என்பது குளிரூட்டிய, இருட்டிய அறைகளுக்கானது. இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தையும் வாய்க்கால்வாரியாக விதைப்பு ஏக்கரையும் காட்டும் அட்டவணையை இருபது வரிகளில் திணிப்பதைவிட, ஒரு படவில்லைக்கு ஐந்து வரி என்று பிரித்தால் பின்வரிசையில் இருக்கும் கமக்காரரும் தன் வாய்க்காலைத் தானே வாசித்துக்கொள்வார்.

மின்சாரத்துக்கு வருவோம். இலங்கையில் 230 வோல்ற் மின்சாரம் வருகிறது. ஆனால் மண்டபத்துச் செருகுவாய் சதுர ஊசி 13 அம்பியர் வகையா, பழைய வட்ட ஊசி வகையா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு மாற்றுச் செருகியையும், நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன் கோட்டையும் பையில் வையுங்கள். மின்பிறப்பாக்கியில் கூட்டம் நடக்குமானால், அதை முதலில் இயக்கி, ஓட்டம் சீரான பின்னரே புரொஜெக்டரை இணைக்க வேண்டும். விளக்கு வகைப் புரொஜெக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளேயிருக்கும் மின்விசிறியும் நின்றுவிடும்; கொதித்த விளக்கு ஆறும் வரை, ஏறத்தாழப் பத்து நிமிடமாவது, பொறுத்திருந்து மீண்டும் இயக்குங்கள். பல புரொஜெக்டர்களின் கையேடு 35 அல்லது 40 பாகை செல்சியசை மேல் எல்லையாகக் குறிப்பிடுகிறது. சித்திரை தொடங்கி ஆவணி வரை தகரக் கூரையின் கீழ் அந்த எல்லையைத் தொடுவது அரிதன்று. சோளகக் காற்று அள்ளிவரும் செம்மண் தூசு வடிகட்டியை அடைத்திருந்தால் புரொஜெக்டர் இடைநடுவில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்; அது பழுதன்று, தற்காப்பு. வடிகட்டியைக் கழற்றித் தூசு தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான்காம் படி: இணைக்கும் ஒழுங்கு

முதலில் புரொஜெக்டரை இயக்கி, அது முழுமையாக விழித்து நீலத் திரை காட்டும் வரை காத்திருங்கள். பின்னர் ரிமோட்டில் அல்லது அதன் மேலுள்ள பொத்தானில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்பதை அழுத்தி, வயர் செருகியுள்ள வாயையே தேர்ந்தெடுங்கள். அதன் பின்னரே மடிகணினியில் வயரைச் செருகுங்கள். இந்த ஒழுங்கு வெறும் சடங்கன்று. வயர் செருகப்பட்டதும் மடிகணினி எதிர்முனையிடம் ‘நீ யார், எந்தெந்தப் பிரிதிறனைத் தாங்குவாய்’ என்று கேட்கிறது. புரொஜெக்டர் குறைந்தது 128 பைற்று அளவுள்ள ஓர் அடையாளத் தரவை விடையாக அனுப்புகிறது. ஈ.டி.ஐ.டி என்று அழைக்கப்படும் இந்தத் தரவைக் கொண்டே லினக்ஸ் பொருத்தமான பிரிதிறனைத் தெரிவுசெய்கிறது. அரைத் தூக்கத்தில் இருக்கும் புரொஜெக்டர் விடை சொல்லத் தவறினால், பிறகு நடப்பதெல்லாம் ஊகம்.

படம் விழுந்ததும் அதை நேராக்குங்கள். வி.ஜி.ஏ இணைப்பில் படம் ஒருபுறம் விலகியிருந்தால் ‘ஓட்டோ’ பொத்தான் அதை நடுவில் கொண்டுவரும். சரிவக வடிவில் விழுந்தால், உடனே ‘கீஸ்டோன்’ திருத்தத்துக்குப் போகாமல் புரொஜெக்டரின் மேசையைத் திரைக்கு நேராக நகர்த்திப் பாருங்கள். கீஸ்டோன் திருத்தம் படப்புள்ளிகளை நசுக்குவதால் சிறிய தமிழ் எழுத்துகளின் கொம்பும் சுழியும் குழம்பும். தொலைக்காட்சியில் இணைக்கும்போது படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டால் குறை மடிகணினியில் இல்லை. தொலைக்காட்சியின் பட அமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயரில் இருக்கும் தெரிவை இயக்குங்கள்.

படம் விழாதபோது

நிறத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் அது வயரை நேரடியாகக் காட்டிக்கொடுக்கும். வி.ஜி.ஏ வயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முறையே 1, 2, 3 ஆம் ஊசிகளில் செல்கின்றன. படம் முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் வரவில்லை. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பச்சை வரவில்லை. வெளிர்நீலமாகத் தெரிந்தால் சிவப்பு வரவில்லை. செருகியைக் கழற்றி, வளைந்த ஊசியை மெல்லிய குறட்டால் நிமிர்த்தி, இருபுறத் திருகுகளையும் இறுக்குங்கள். 9 ஆவது ஊசி இல்லாதிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பல வயர்களில் அது தொடக்கத்திலிருந்தே வைக்கப்படுவதில்லை.

படம் விழுகிறது, ஆனால் 640×480 போன்ற மிகக் கரடுமுரடான பிரிதிறனில் விழுகிறது என்றால், அடையாளத் தரவு வந்து சேரவில்லை என்று பொருள். வி.ஜி.ஏ இல் அந்த உரையாடல் 12 ஆம், 15 ஆம் ஊசிகளால் நடக்கிறது. மலிவான வயர்களில் அந்த இரண்டு கம்பிகளே இருப்பதில்லை. ஒருமுறை புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் அரை மணித்தியாலம் அமைப்புகளைக் கிளறி வியர்த்த பின்னர், என் பையில் கிடந்த வேறொரு வயரைப் போட்டதும் 1024×768 தானாகவே வந்து நின்றது. அன்றிலிருந்து, அமைப்புகளைத் தொடும் முன் வயரை மாற்றிப் பார்ப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறேன்.

மாற்று வயருக்கும் பயனில்லாவிட்டால் மடிகணினி வெளித்திரையை உணர்கிறதா என்று கேட்க வேண்டும். லினக்ஸில் திரைக்குப் படம் அனுப்பும் முறைமைகள் இரண்டு: எக்ஸ் 11, வேலண்ட். உங்கள் சூழல் இவற்றில் எதில் இயங்குகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். குநோம் சூழலில் ‘செட்டிங்ஸ்’ செயலியின் ‘எபவுட்’ பகுதியிலுள்ள முறைமை விவரங்களில் ‘விண்டோயிங் சிஸ்டம்’ என்ற வரி இதைச் சொல்லும். உபுண்டு 21.04 இலிருந்து வேலண்ட் முன்னிருப்பாக வருகிறது. லினக்ஸ் மின்டின் சின்னமன் சூழல் எக்ஸ் 11 ஐயே முன்னிருப்பாகக் கொண்டது. எக்ஸ் 11 இல், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தை (டெர்மினல்) திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை இடைவெளியின்றி இட்டு ‘என்டர்’ தட்டுங்கள். ஒவ்வொரு துறையின் பெயருக்கும் எதிரே ‘கனெக்டெட்’ அல்லது ‘டிஸ்கனெக்டெட்’ என்று வரும். வெளித்துறை இணைந்திருப்பதாகக் காட்டியும் படம் இல்லையென்றால், அதே கட்டளைக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளை அடுத்தடுத்து இட்டு, ‘ஓட்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துத் தட்டுங்கள். இணைந்துள்ள எல்லாத் திரைகளையும் அவற்றின் விருப்பமான பிரிதிறனில் அது இயக்கிவிடும். கட்டளைகளில் விருப்பமில்லாதவர்கள் ‘ஏரேண்டர்’ என்ற சிறு செயலியை முன்கூட்டியே நிறுவிக்கொண்டால், திரைகளைப் பெட்டிகளாக இழுத்து அடுக்கி இதே வேலையைச் செய்யலாம். வேலண்டில் இந்த இரண்டும் திரையை மாற்ற மாட்டா. அங்கே ‘செட்டிங்ஸ்’ பக்கமே வழி. அதுவும் கைகொடுக்காவிட்டால் வெளியேறி, உள்நுழையும் திரையின் ஓரத்திலுள்ள பற்சக்கரக் குறியில் எக்ஸ் 11 அமர்வு இருக்குமாயின் அதைத் தேர்ந்து முயன்று பார்க்கலாம்.

என்விடியா வரைகலைச் சில்லும் இன்டெல் சில்லும் சேர்ந்திருக்கும் மடிகணினிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அவற்றில் சிலவற்றில் எச்.டி.எம்.ஐ வாய் நேரடியாக என்விடியா சில்லோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக இன்டெல் மட்டும் இயங்கும்படி அமைத்திருந்தால், வெளித்திரை எந்த வயரிலும் உயிர்பெறாது. உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ செயலியில் பரிந்துரைக்கப்படும் டிரைவரை நிறுவி, இரண்டு சில்லும் தேவைக்கேற்ப இயங்கும் நிலைக்கு மாற்றி, மறுதொடக்கம் செய்யுங்கள். இது வீட்டில், இணைய வசதியோடு, அவசரமின்றிச் செய்ய வேண்டிய வேலை.

ஐந்தாம் படி: இம்பிரஸ் மென்பொருளில் நிகழ்த்துகை

‘மிரர்’ பழகிய பின்னர் ‘ஜொயின்’ முறைக்கு மாறுங்கள். அந்த முறையில்தான் இம்பிரஸின் பேச்சாளர் முனை தோன்றும்: சபை படவில்லையை மட்டும் பார்க்க, உங்கள் மடிகணினியில் நடப்புப் படவில்லை, அடுத்த படவில்லை, உங்கள் குறிப்புகள், கடிகாரம் எல்லாம் தெரியும். ‘ஸ்லைட் ஷோ’ பட்டியலில் அமைப்புகளைத் திறந்து, நிகழ்த்துகை எந்தத் திரையில் விழ வேண்டும் என்பதில் வெளித்திரையைத் தேர்ந்தெடுங்கள். எஃப் 5 விசை முதலிலிருந்தும், ‘ஷிஃப்ட்’ உடன் எஃப் 5 நடப்புப் படவில்லையிலிருந்தும் தொடங்கும். இரண்டு திரையும் இடம் மாறி, குறிப்புகள் சபைக்குத் தெரிந்தால் பதறாமல் ‘எஸ்கேப்’ தட்டி, அந்த அமைப்பில் மற்றத் திரையைத் தெரிவுசெய்து மீண்டும் தொடங்குங்கள்.

சபையில் ஒருவர் எழுந்து கேள்வி கேட்கும்போது எல்லோர் பார்வையும் திரையிலேயே ஒட்டியிருக்கும். அப்போது முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் திரை கறுப்பாகும். காற்புள்ளி விசை வெண்மையாக்கும். இன்னொரு விசை தட்டினால் படவில்லை திரும்பும். கேள்வி கேட்பவரின் முகத்தைச் சபை பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. வெண்மையான திரைக்கு இன்னொரு பயனும் உண்டு: யன்னல்களை மூடி இருட்டிய மண்டபத்தில் அது தற்காலிக விளக்காகும்.

ஒலி

காணொளி காட்டுவதானால், எச்.டி.எம்.ஐ செருகியதும் ஒலி தானாகப் புரொஜெக்டரின் சிறிய ஒலிபெருக்கிக்குப் போய்விடலாம். மண்டபத்தில் அது கேட்காது. ஒலி அமைப்பில் வெளியீட்டுச் சாதனத்தை மடிகணினியின் 3.5 மில்லிமீற்றர் துளைக்கு மாற்றி, அங்கிருந்து மண்டபத்தின் ஒலிபெருக்கிக் கலவைப் பெட்டிக்கு வயர் கொடுங்கள். அப்போது ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் எழுந்தால், மடிகணினியின் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், மின்னேற்றியும் ஒலிபெருக்கியும் வெவ்வேறு செருகுவாய்களில் நிலத்தொடுப்புப் பெறுவதே காரணம்; இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டுக்கு மாற்றுங்கள், அல்லது காணொளி முடியும் வரை மின்கலத்தில் ஓட்டுங்கள். காணொளிக் கோப்பைப் படவில்லைக்குள் பொதிந்திருந்தாலும் தனியாகவும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

கழற்றும்போது

நிகழ்த்துகையை நிறுத்தி, திறந்திருக்கும் சாளரங்களை மடிகணினித் திரைக்கு இழுத்துக்கொண்ட பின் வயரைக் கழற்றுங்கள். ‘ஜொயின்’ முறையில் அவசரமாகக் கழற்றி, ஒரு சாளரம் இல்லாத திரையிலேயே தங்கிவிட்டதுபோல் தோன்றினால், சூப்பர் விசையோடு ‘ஷிஃப்ட்’ ஐயும் அழுத்தியவாறு இடது அல்லது வலது அம்பு விசையைத் தட்டுங்கள். குநோம் சூழலில் சாளரம் திரைவிட்டுத் திரை தாவி வந்து சேரும். புரொஜெக்டரை ரிமோட்டால் அணைத்து, மின்விசிறி தானாக நிற்கும் வரை செருகியைப் பிடுங்காமல் விடுங்கள். அந்த இடைவெளியில் வயர்களை வளையமாகச் சுற்றிக் கட்டி, மாற்றி பையில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மண்டபத்தில் மறக்கப்படுவது எப்போதும் அந்தச் சிறிய மாற்றிதான்.